பட்டனுக்கு ஒரு சாயக் குளியல்!

உங்களுக்கு ரொம்பப் பிடித்த சட்டை. அதில் நடு பட்டனைக் காணோம்! வீட்டில் பட்டன் போட்டு வைக்கும் பழைய பவுடர் டப்பாவைக் கவிழ்த்துத் தேடுகிறீர்கள். அளவு சரியாக ஒன்று கிடைக்கிறது. ஓட்டையும் அதே மாதிரி நான்கு. ஆனால், கலர்? சட்டையில் இருப்பது எல்லாம் இளம் பழுப்பு. கையில் இருப்பதோ பளீர் வெள்ளை!

'அட, இதை யாரு பார்க்கப் போறா?' என்று வெள்ளையையே தைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். உங்கள் நண்பர்கள் முதலில் பார்ப்பதே அந்தப் பட்டனைத்தான். கடைக்குப் போனால் ஒற்றைப் பட்டன் தர மாட்டார்கள். அட்டையோடு ஒரு டஜன் வாங்க வேண்டும். அதிலும் அதே நிறம் கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.

கவலையை விடுங்க குட்டீஸ்! அந்த வெள்ளைப் பட்டனையே உங்களுக்கு வேண்டிய நிறத்துக்கு மாற்றலாம். பெயின்ட் அடிப்பது இல்லை. பெயின்ட் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும். நாலு தடவை துவைத்தால் தோல் உரிவது போல உரிந்து வந்துவிடும். சாயம் அப்படி இல்லை, பட்டனின் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால், எந்தச் சாயம் எந்தப் பட்டனுக்குள் போகும்? அதைப் பட்டன்தான் முடிவு செய்யும், நாம் இல்லை. ஆளைத் தெரிந்துகொள்ளாமல் குளிப்பாட்டினால் சில பட்டன்கள் நிறம் மாறாது. சில பட்டன்கள் வளைந்து போகும். சில பட்டன்கள் கரைந்தே போகும்! அதனால், முதல் வேலை அடுப்பைப் பற்ற வைப்பது அல்ல. துப்பறிவது!

டப்பாவில் யார் யார்?

டப்பாவைக் கவிழ்த்துப் பட்டன்களைப் பரப்பி வையுங்கள். பெரும்பாலானவை பிளாஸ்டிக்காக இருக்கும். தாத்தா காலத்துச் சட்டையில் இருந்தோ, பாட்டியின் ரவிக்கையில் இருந்தோ எடுத்து வைத்த பட்டன்களில் ஒன்றிரண்டு சிப்பிப் பட்டன்கள் இருந்தாலும் இருக்கலாம். இப்போதும் விலை அதிகமான சட்டைகளில் சிப்பிப் பட்டன் வைக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சிப்பி ஜில்லென்று இருக்கும். பிளாஸ்டிக் அப்படிக் குளிராது. அடுத்து, உள்ளங்கையில் போட்டுத் தூக்கிப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பட்டன்களில் சிப்பிதான் கனம். ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள். பிளாஸ்டிக் பட்டனின் முதுகு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வழவழவென்று இருக்கும். சிப்பிப் பட்டனின் முதுகில் பழுப்புக் கோடு, சின்னப் பள்ளம், அடுக்கு அடுக்கான ரேகை என்று ஏதாவது ஒரு குறை இருக்கும். ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது.

ஒரு எச்சரிக்கை. 'ஊசியைக் காய வைத்துக் குத்திப் பார்', 'நெருப்பில் காட்டிப் பார்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்! பழைய பட்டன்களில் செல்லுலாய்டு என்ற பொருளில் செய்தவையும் உண்டு. அதைச் செய்யும்போது கற்பூரம் சேர்ப்பார்கள். அதனால், அழுத்தித் தேய்த்தாலே லேசாகக் கற்பூர வாசனை வரும். கற்பூரத்தைப் போலவே அது குபீரென்று பற்றியும் கொள்ளும். அந்த வாசனை வந்தால் பட்டனைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அதற்குச் சாயமும் வேண்டாம், சூடும் வேண்டாம்.

வினிகரா... வேண்டவே வேண்டாம்!

துணிக்குச் சாயம் போடுகிறவர்கள் சில சாயங்களோடு வினிகர் சேர்ப்பார்கள். அமிலம் இருந்தால் கம்பளி, பட்டு, நைலான் போன்றவற்றில் அந்தச் சாயம் நன்றாகப் பிடிக்கும். நைலான் பட்டனுக்கும் அது சரி. அதே யோசனையைச் சிப்பிப் பட்டனிடம் காட்டினால் அவ்வளவுதான்!

ஏன் என்று தெரிய வேண்டுமா? ஒரு கிண்ணத்தில் கோழிமுட்டையை வைத்து, அது மூழ்கும் அளவு வினிகர் ஊற்றி வையுங்கள். முட்டையின் மேல் குட்டிக் குட்டியாய்க் குமிழிகள் வரும். இரண்டு நாளில் ஓடு காணாமல் போய், வெறும் தோலோடு கொழகொழவென்று ஒரு முட்டை கிடைக்கும். ஓடு எங்கே போனது? முட்டை ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அமிலம் பட்டதும் அது கரைந்து, கார்பன் டை ஆக்சைடு வாயுவாகக் குமிழி விட்டுப் போய்விட்டது.

சிப்பியும் அதே கால்சியம் கார்பனேட்தான்! பாட்டி வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பை ஒரு காலத்தில் கிளிஞ்சலைச் சுட்டுத்தானே செய்தார்கள்? அதே சரக்கு. வினிகர் மட்டுமல்ல, எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர் எல்லாமே சிப்பிப் பட்டனுக்கு எதிரி. முதலில் போவது பளபளப்பு. அது போய்விட்டால் எந்தச் சாயத்தாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

அந்தப் பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சிப்பியின் உள்பக்கத்தில், செங்கல் அடுக்கிக் கட்டிய சுவர் மாதிரி, கண்ணுக்குத் தெரியாத தட்டையான வில்லைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒவ்வொரு வில்லையின் கனமும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு! செங்கல்லுக்கு நடுவே சிமென்ட் போல, மெல்லிய புரதப் படலம். இந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான் ரோஸ், பச்சை, நீலம் என்று மாறி மாறித் தெரிகிறது. சோப்புக் குமிழியிலும், மழை நாளில் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் மிதக்கும் எண்ணெயிலும் வானவில் தெரிகிறதே, அதே வித்தைதான்.

சாயம் எந்த வழியாக உள்ளே போகும்? பட்டனில் இருக்கும் நுண்ணிய துளைகளிலும், அந்தப் புரதப் படலத்திலும்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும். பாலிஷ் போட்ட முகத்தைவிடச் சொரசொரப்பான முதுகில் அதிகமாகப் பிடிக்கும். அடர்ந்த சிவப்பு, கரும் நீலம் எல்லாம் வீட்டில் எதிர்பார்க்காதீர்கள். இளம் நிறங்கள்தான் வரும். எனக்குக் கேட்டால் சிப்பிக்கு அதுதான் அழகு. உள்ளிருந்து மின்னும் வானவில்லை மறைக்காமல், மேலே ஒரு மெல்லிய நிறம்.

ஆற்றைக் காலி செய்த பட்டன்

சிப்பிப் பட்டனை வீணாக்காதீர்கள் என்று இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஜெர்மனியில் பட்டன் செய்துகொண்டிருந்தவர் ஜான் போப்பிள். கொம்பு, சிப்பி போன்றவற்றில் பட்டன் கடைவதுதான் அவர் தொழில். 1887ல் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே ஆறுகளின் அடியில் கனமான நன்னீர்ச் சிப்பிகள் குவிந்து கிடந்தன. 1890ல் அமெரிக்க அரசு வெளிநாட்டுப் பட்டன்களுக்கு வரியை ஏற்ற, உள்ளூர்ப் பட்டனுக்கு மவுசு வந்தது. 1891ல் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள மஸ்கட்டீன் என்ற ஊரில் அவர் பட்டன் பட்டறை தொடங்கினார்.

அப்புறம் என்ன? ஊரே பட்டன் ஊராகிவிட்டது! ஆற்றில் சிப்பி எடுப்பவர்கள், அதை வேகவைத்துச் சதையை நீக்குபவர்கள், குழாய் வடிவ ரம்பத்தால் வட்ட வட்டமாக அறுப்பவர்கள், பட்டனை அட்டையில் தைப்பவர்கள் என்று அங்கே எல்லாருக்கும் பட்டன் வேலைதான். அட்டையில் தைப்பது பெரும்பாலும் வீட்டிலேயே நடந்தது. பெண்களோடு குழந்தைகளும் உட்கார்ந்து தைத்தார்கள். 1905ல் அந்த ஒரு ஊரில் மட்டும் ஏறக்குறைய 150 கோடி பட்டன்கள் தயாராயின. அப்போது உலகில் செய்யப்பட்ட பட்டன்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்!

சிப்பிகள் அவ்வளவு வேகமாக வளருமா? வளராது. ஒரு சிப்பி பட்டன் அறுக்கும் அளவு பெரிதாகப் பல ஆண்டுகள் ஆகும். இன்னொரு சிக்கலும் உண்டு. நன்னீர்ச் சிப்பியின் குஞ்சுகள் மீன்களின் செவுளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு சில வாரங்கள் வாழ்ந்தால்தான் பிழைக்கும். சரியான மீன் கிடைக்காவிட்டால் அடுத்த தலைமுறையே இல்லை! சில ஆண்டுகளிலேயே சிப்பிப் படுகைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சிப்பிகளை வளர்த்து ஆற்றில் விடுவதற்காக மஸ்கட்டீனுக்குப் பக்கத்தில் ஃபேர்போர்ட் என்ற இடத்தில் அரசு ஓர் ஆய்வு நிலையம் தொடங்க வேண்டி வந்தது. பட்டன் தொழிலைத் தொடங்கி வைத்த போப்பிளே கடைசியில் சிப்பிகளைக் காக்கும் வேலைக்கு வந்தார். ஆற்றில் இறங்கியபோது சிப்பி காலைக் கிழித்து, அந்தக் காயம் சீழ் பிடித்து, 1912ல் இறந்து போனார்.

வட்ட வட்டமாக ஓட்டை விழுந்த பழைய சிப்பிகள் இன்றும் அந்த ஆற்றங்கரையில் கிடைக்கின்றன. ஆலைகளைக் கடைசியில் ஓய வைத்தது பிளாஸ்டிக் பட்டன். நம் நாட்டிலும் அந்தமான் கடலில் இருந்து ட்ரோக்கஸ் என்ற பெரிய கடல் நத்தையைப் பட்டனுக்காக எடுத்தார்கள். 2001ல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

ஆக, உங்கள் டப்பாவில் இருக்கும் சிப்பிப் பட்டன், என்றோ ஓர் ஆற்றிலோ கடலிலோ பல ஆண்டுகள் வாழ்ந்த உயிரின் வீட்டுச் சுவர்!

டீ குடிக்கும் சிப்பி

சிப்பிப் பட்டனுக்கு ஏற்ற சாயம் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. டீத்தூள்தான்!

பட்டனைச் சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் சாயம் பிடிக்காமல் திட்டாக நிற்கும். கழுவிய பட்டனை அரைமணி நேரம் நல்ல தண்ணீரில் ஊற விடுங்கள். இதற்குள் அம்மாவோ அப்பாவோ ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் டீத்தூள் போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டித் தரட்டும். பால், சர்க்கரை கிடையாது!

டீ கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் பட்டனைப் போட வேண்டும். கொதிக்கக் கொதிக்கப் போட்டால் சிப்பி வெடிக்கலாம், மங்கலாம். கண்ணாடிக் கிண்ணமாக இருந்தால் நல்லது. பட்டன்கள் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொள்ளாமல் பரப்பி, அவ்வப்போது ஸ்பூனால் புரட்டி விடுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒன்றை எடுத்துக் கழுவித் துடைத்துப் பாருங்கள். போதவில்லையா? மறுபடி போடுங்கள். இரவு முழுக்கக்கூட ஊறலாம். காபி டிகாஷனிலும் இதே மாதிரி செய்யலாம், நிறம் கொஞ்சம் வேறு மாதிரி வரும்.

'மஞ்சள் தூள் போட்டால் மஞ்சள் பட்டன் கிடைக்குமே?' என்று கேட்பீர்கள். கிடைக்கும். ஆனால், அதை வெயிலில் போட்டுக்கொண்டு திரிந்தால் சீக்கிரம் வெளுத்துவிடும். சோப்புப் பட்டாலோ வேடிக்கைதான்! ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாகிறதே, பார்த்திருக்கிறீர்களா? காரம் பட்டால் மஞ்சள் சிவந்துவிடும். சோப்பும் காரம்தான். துவைக்கும் கல்லில் உங்கள் பட்டனுக்கும் ஆரத்தி எடுத்துவிடுவார்கள்! பீட்ரூட் சாறு இன்னும் மோசம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால், நிற்காது. விளையாட்டுக்கு என்றால் இரண்டையும் செய்து பாருங்கள். சட்டைக்கு என்றால் டீதான்.

பிளாஸ்டிக் என்பது ஒருவர் அல்ல

பிளாஸ்டிக் பட்டன் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது ஒரு பெரிய கூட்டுக் குடும்பம். நைலான் உண்டு, அக்ரிலிக் உண்டு. இன்று சட்டைகளில் அதிகமாக இருப்பது பாலியெஸ்டர். துணியில் இருக்கும் அதே பெயர்தான், ஆனால், இது பிசினாக ஊற்றிக் கெட்டியாக்கியது.

டீயில் பாலியெஸ்டர் பட்டனை ஒரு நாள் முழுக்க ஊற வைத்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. பருத்தித் துணிக்கான சாயத்தில் போட்டாலும் கழுவியதும் வெள்ளையாகவே வந்து நிற்கும். உங்கள் தப்பு இல்லை. தண்ணீரில் கரைகிற சாயத்துக்கும் பாலியெஸ்டருக்கும் ஒத்துப்போகாது. இதற்கென்றே டிஸ்பர்ஸ் சாயம் என்று ஒரு வகை இருக்கிறது. அது தண்ணீரில் சரியாகக் கரையாது, தூளாக மிதந்துகொண்டிருக்கும். தண்ணீர் சூடாகும்போது பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் கொஞ்சம் அசைந்து இடம்விடும். தண்ணீரில் இருக்கப் பிடிக்காத சாயம் மெல்ல நழுவி உள்ளே போய்விடும். ஆறியதும் கதவு மூடிக்கொள்ளும். சாயம் உள்ளே மாட்டிக்கொண்டது!

அதனால், பிளாஸ்டிக்குக்குச் சூடு கட்டாயம். சூடு என்றால் பெரியவர்கள் கட்டாயம்! சாயப் பாக்கெட்டில் என்ன துணிக்கானது என்று எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். பாலியெஸ்டருக்கா, நைலானுக்கா, பருத்திக்கா? சாயம் காய்ச்ச ஒரு பழைய பாத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். அது மறுபடி சமையலுக்குப் போகவே கூடாது. கையில் உறை, கீழே பழைய செய்தித்தாள், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். தூளை முகத்துக்கு நேரே கொட்டாதீர்கள், மூக்கில் ஏறும்.

முதலில் தேவைப்படாத ஒரு பட்டனைப் போட்டுச் சோதியுங்கள். சில பிளாஸ்டிக்குகள் சூட்டில் இளகி அப்பளம் மாதிரி வளைந்துவிடும். தளதளவென்று கொதிக்க வேண்டாம், ஆவி பறந்தால் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பட்டனாகப் பெரியவர்கள் கரண்டியால் எடுத்து வைக்கட்டும். முதல் பட்டன் இளநிறம், கடைசிப் பட்டன் அடர்நிறம் என்று ஒரு வரிசையே கிடைக்கும். அதில் உங்கள் சட்டைக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளலாம்.

தேர்ந்தெடுப்பதை டியூப் லைட்டில் செய்யாதீர்கள். ஜவுளிக்கடையில் அம்மா ரவிக்கைத் துணியையும் சேலையையும் வாசலுக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பார்களே, ஏன்? கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் பகல் வெளிச்சத்தில் வேறு வேறாகத் தெரியும். பட்டனுக்கும் அதே வாசல் சோதனைதான்.

இன்னொன்று. சாயத்தால் நிறத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. வெள்ளை எந்த நிறமாகவும் ஆகும். மஞ்சள் பட்டனை நீலச் சாயத்தில் போட்டால் பச்சை வரும். சிவப்பை மஞ்சளாக்க முடியாது. கறுப்பு, கறுப்புதான்!

பாலில் செய்த பட்டன்!

சாயத்தை ஆசையாகக் குடிக்கிற ஒரு பிளாஸ்டிக்கும் இருந்தது. ஜெர்மனிப் பள்ளிகளுக்கு வெள்ளை நிறத்தில் எழுதும் பலகை வேண்டும் என்று கேட்டார்கள். வில்ஹெல்ம் கிரிஷே என்பவர், அடால்ஃப் ஸ்பிட்டலர் என்ற வேதியியல் அறிஞரோடு சேர்ந்து முயன்றார். பாலைத் திரித்து எடுத்த கேசின் என்ற புரதத்தை ஃபார்மால்டிஹைடில் போட்டதும் அது கொம்பு போலக் கெட்டியானது! 1897ல் காப்புரிமை பெற்றார்கள். அதற்கு வைத்த பெயர் காலலித். கிரேக்க மொழியில் 'பால் கல்' என்று அர்த்தம். எழுதும் பலகையைவிடப் பட்டனுக்குத்தான் அது அதிகம் பயன்பட்டது. புரதம் அல்லவா, சாயம் நன்றாகப் பிடித்தது. வெள்ளையாகச் செய்து வைத்துக்கொண்டு, கேட்கிற நிறத்தில் தோய்த்துக் கொடுத்தார்கள். சூடான தண்ணீரில் உப்பிப் போகும் என்பது அதன் குறை.

ஒட்டுமா... ஓடுமா?

சாயம் போட்ட பட்டனை உடனே சட்டையில் தைத்துவிடாதீர்கள்! சாயம் விட்டால் பட்டனோடு சட்டையும் போச்சு. தண்ணீர் தெளிவாக வரும் வரை பட்டனைக் கழுவுங்கள். பிறகு, நனைத்த வெள்ளைத் துணியில் சுற்றி ஓர் இரவு வையுங்கள். காலையில் துணியில் கறை இருந்தால் மறுபடி கழுவி, மறுபடி சுற்றி வையுங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் ஊசியை எடுக்கலாம்.

மிச்சமான சாயத் தண்ணீரை என்ன செய்வது? டீயைச் செடிக்கு ஊற்றலாம். பாக்கெட் சாயத்தைச் செடிக்கோ, கிணற்றடியிலோ, குளத்திலோ ஊற்றவே கூடாது. திருப்பூரில் சாயக் கழிவு கலந்து நொய்யல் ஆறு பாழானதும், 2011ல் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பத்துப் பட்டனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும்; வாளி எதற்கு? அதே தண்ணீரில் அடுத்தடுத்துப் பட்டன்களைப் போட்டுக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு தடவையும் நிறம் இளைத்துக்கொண்டே வரும். கடைசியில் மிஞ்சுவதை நிறையத் தண்ணீர் கலந்து, கழிவுநீர்க் குழாயில் விடச் சொல்லுங்கள்.

சட்டைக்குப் பொருந்தாத நிறத்தில் சில பட்டன்கள் எப்படியும் மிஞ்சும். தூக்கிப் போடாதீர்கள். தாயம் விளையாட நான்கு நிறத்தில் காய் வேண்டுமே, எண்ணிப் பாருங்கள்... இருக்கிறதா?